மதிலுக்குள் மைதானம்

பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின் பழைய மாணவரைச் சந்திக்கும் ஆசிரியர் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. அவர்கள் நினைவில் முதலில் எழுவது வகுப்பறை அன்று, விளையாடிய இடமே. இலக்கண விதிகள் மறந்திருக்கும். அரசர்கள் ஆண்ட ஆண்டுகளும் மறந்திருக்கும். ஆனால், அடுத்த ஊர்ப் பள்ளியோடு ஆடிய ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் பந்து யார் கைக்கு வந்தது என்பது மட்டும் மறப்பதில்லை. ஆடவர்க்கு இது நெடுங்காலமாகக் கிட்டிய இன்பம். மகளிர்க்கோ மிகப் பிற்பட்ட காலத்தில் வாய்த்த பேறு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் விடுதிப் பள்ளியிற் பயின்ற ஒரு செல்வர் மகளிடம் அவளுடைய பள்ளி நினைவுகளைக் கேட்டிருந்தால், பியானோ வாசித்ததையும், பூத்தையல் கற்றதையும், பிரெஞ்சு மொழி பேசப் பழகியதையும் சொல்லியிருப்பாள். ஓடியதைச் சொல்லியிருக்க மாட்டாள். ஓடுவதற்கு அவளை எவரும் விட்டதில்லை.

பெண்கள் அணியாகக் கூடி ஓடி ஆடும் வழக்கம் முதலில் வேரூன்றிய இடங்களுள் தலையானவை, உயர்ந்த மதிலும் கடுமையான ஒழுங்கும் உடைய பிரிட்டிஷ் விடுதிப் பள்ளிகளே. புறத்தே பார்ப்பவர்க்குச் சிறைபோலத் தோன்றும் இடம் பெண்ணின் காலுக்கும் கைக்கும் விடுதலை தந்த இடமாக மாறியது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் பழைய நிலைமையைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டுப் பெண்கள் பள்ளிகளில் உடற்பயிற்சி என்று வழங்கியது பெரும்பாலும் நடைதான். நல்ல உடை அணிந்து, தொப்பியும் கையுறையும் பூண்டு, இருவர் இருவராக நீண்ட வரிசையில், ஆசிரியை ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் வர, ஊர்ச் சாலையில் மெல்ல நடந்து திரும்புவார்கள். அந்நீண்ட வரிசைக்கு முதலை ஊர்வலம் என்று ஆங்கிலத்தில் வேடிக்கைப் பெயரும் உண்டு. அவர்கள் அணிந்த ஆடையோ இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்கச்சையும், தரையைப் பெருக்கும் பாவாடையுமாக இருந்தது. ஆழ்ந்து மூச்சு விடுவதே அரிது. பந்தின் பின் ஓடுவது எங்ஙனம்?

ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்னும் அறிஞர் 1861-இல் கல்வியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம் இல்லத்தருகே இரண்டு பள்ளிகள் இருந்ததை அதில் அவர் குறிப்பிடுகிறார். ஒன்று சிறுவர் பள்ளி. அங்கே விளையாடும் திடல் இருந்தது. கூச்சலும் ஆரவாரமும் அக்கம் பக்கத்தார்க்கெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தன. மற்றொன்று சிறுமியர் பள்ளி. அங்கே அழகிய தோட்டம் இருந்தது. ஆனால், மாதக்கணக்கில் ஒரு சிரிப்பொலிகூட அங்கிருந்து வரக் காணோம். அப்படியொரு பள்ளி அங்கே இருப்பதே தமக்குத் தெரியாமற் போயிற்று என்கிறார் அவர். பெண்குழந்தைக்கும் ஓடவும் கூவவும் வேண்டும் என்று வாதாடுவதற்கே இதனை எடுத்துக்காட்டினார். 1864 முதல் 1868 வரை அந்நாட்டு இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்த அரசாங்க ஆணைக்குழுவும், பெண்கள் பள்ளிகளில் பாடம் மட்டுமல்லாமல் உடற்பயிற்சியும் மிகக் குறைவு என்றே கண்டது.

குறை தெரிந்துவிட்டதே, இனித் தீர்ந்துவிடும் என்று எண்ணலாம். அவ்வாறு நடக்கவில்லை. மருத்துவர் சிலர் எதிர்த்து நின்றனர். 1873-இல் அமெரிக்காவில் எட்வர்டு கிளார்க் என்ற மருத்துவரும், 1874-இல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநோய் மருத்துவரும் ஒரே கருத்தை வெளியிட்டனர். பெண்ணின் உடலில் உள்ள ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதனை மூளை உழைப்பில் செலவிட்டால் தாய்மைக்கு வேண்டிய வலு குன்றிவிடும். ஆகவே ஆடவர் கற்பதுபோலப் பெண்கள் கற்றல் தீது என்பது அவர்கள் கூற்று. இது பாடநூலைப் பற்றிய எச்சரிக்கையாகத் தொடங்கினாலும், அதன் அடியில் இருந்தது பெண்ணுடல் மெலியது என்னும் நம்பிக்கை. மாட்ஸ்லிக்கு அதே ஆண்டில், அதே திங்களிதழில், பிரிட்டனின் முதற் பெண் மருத்துவருள் ஒருவரான எலிசபெத் காரட் ஆண்டர்சன் மறுப்பு எழுதினார். நோய்க்குக் காரணம் படிப்பு அன்று. வேலையின்மையும் சோர்வுமே பெண்களை வாட்டுகின்றன என்பது அவர் வாதம். எழுத்துக்கு எழுத்தால் விடை சொல்லலாம். ஆனால் மக்கள் கண்ணால் காணும் சான்றும் ஒன்று வேண்டியிருந்தது. படித்துக்கொண்டே வலுவோடும் களிப்போடும் வளரும் பெண்களைக் காட்டியாக வேண்டும். காட்டவில்லையேல், பெண்கல்வியே நின்றுபோகும் என்ற அச்சம் அக்காலத் தலைமையாசிரியைகளுக்கு இருந்தது. அவர்கள் மைதானத்தை நாடியதற்கு இது முதற்காரணம்.

இந்நிலையில்தான் 1877-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற பல்கலைக்கழக ஊரில், பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. செயின்ட் லெனார்ட்ஸ் என்ற பெயரால் பின்னர்ப் புகழ் பெற்றது அதுவே. அதன் முதல் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன். 1869-இல் எமிலி டேவிஸ் அம்மையார் ஹிட்சின் என்னும் ஊரில் பெண்களுக்கான கல்லூரியை ஐந்து மாணவியரோடு தொடங்கினார். கேம்பிரிட்ஜில் பிற்காலத்தில் கிர்ட்டன் கல்லூரி என விளங்கியது அதுதான். அந்த ஐவருள் ஒருவர் லம்ஸ்டன். பெண்ணுக்கு உயர்கல்வி தாங்குமா என்ற கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்தவர். ஆகவே தம் பள்ளியில் பாடத்துக்குக் கொடுத்த மதிப்பைத் திறந்தவெளி விளையாட்டுக்கும் கொடுத்தார். 1882-இல் அப்பள்ளி, பழைய பேராலயத் துறவியர் மடம் இருந்த வளாகத்திற் குடியேறியது. அவ்வளாகத்தைச் சுற்றி இடைக்காலத்தில் எழுப்பிய உயர்ந்த கல்மதில் இன்றும் நிற்கிறது. துறவிகளைக் காத்த மதில், ஓடி ஆடும் சிறுமியரை ஊரார் கண்ணிலிருந்து மறைத்தது.

இங்கே ஒன்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வீட்டுப் புல்வெளியில் பெண்கள் டென்னிஸும் குரோக்கேயும் ஆடுவதை அக்காலச் சமூகம் ஏற்றுக்கொண்டிருந்தது. 1884-இல் விம்பிள்டனில் மகளிர் டென்னிஸ் போட்டியே தொடங்கிவிட்டது. ஆயினும் அவை ஒருவரோ இருவரோ ஆடும் ஆட்டங்கள். அணியாக ஆட வேண்டுமானால் நிலைமை வேறு. கிரிக்கெட்டோ ஹாக்கியோ ஆட இருபத்திருவர் வேண்டும். அவர்கள் ஏறத்தாழ ஒத்த வயதினராக இருத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் கூட வேண்டும். பரந்த வெளி வேண்டும். அவர்கள் விழுந்து எழுவதை வேற்றார் பார்த்து நகையாமல் இருக்கவும் வேண்டும். எந்த வீட்டில் இத்தனையும் அமையும்? நான்கைந்து சகோதரிகள் இருந்தாலும் ஓர் அணி சேராது. பகற்பள்ளி மாணவியரோ மணியடித்ததும் வீடு திரும்ப வேண்டியவர்கள். விடுதிப் பள்ளி ஒன்றிலேதான் ஆள், நேரம், இடம், மறைவு ஆகிய நான்கும் ஒருங்கே கிடைத்தன. மகளிர் அணி விளையாட்டு அங்கே தழைத்தது தற்செயல் அன்று என்பது இதனால் விளங்கும்.

செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியின் பெயரோடு பிரிக்க முடியாமல் இணைந்த ஆட்டம் லக்ராஸ். இது வட அமெரிக்கப் பழங்குடி மக்களுடைய ஆட்டம். நீண்ட கோலின் நுனியில் ஒரு சிறு வலை கட்டியிருக்கும். அவ்வலையில் பந்தை ஏந்தி ஓட வேண்டும். தோழரின் வலைக்கு வீச வேண்டும். வாய்ப்புக் கண்டபோது எதிரணியின் கோலுக்குள் எறிய வேண்டும். பந்து தரையில் உருள்வதைவிடக் காற்றிற் பறப்பதே மிகுதி. அப்பழங்குடியினரிடையே இது வழிபாட்டோடும் போர்ப்பயிற்சியோடும் தொடர்புடைய ஆண்கள் ஆட்டமாக இருந்தது. லம்ஸ்டன் அம்மையார் தலைமைப் பதவியிலிருந்து விலகிய பின்னர், 1884-இல் கனடாவுக்குச் சென்றிருந்தபோது, மான்ட்ரியல் நகரில் பழங்குடியினர் ஓர் அணியாகவும் நகரக் கழகத்தார் ஓர் அணியாகவும் ஆடக் கண்டார். அதன் வேகமும் நயமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1890-இல் அவ்வாட்டம் செயின்ட் லெனார்ட்ஸ் மைதானத்தில் ஆடப்பெற்றது. மகளிர் லக்ராஸின் வரலாற்றை எழுதுவோர் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குவர். கடலுக்கு அப்பால் ஒரு பழங்குடியின் வீரர்கள் ஆடிய ஆட்டத்தை, ஸ்காட்லாந்தின் மடாலய மதிலுக்குள் பள்ளிச் சிறுமியர் கற்றார்கள். கருத்துகள் மட்டுமா நாடு விட்டு நாடு செல்கின்றன? ஆட்டங்களும் செல்கின்றன.

லம்ஸ்டனுக்குப் பின் அப்பள்ளியின் தலைமையை ஏற்றவர் ஜேன் பிரான்சிஸ் டவ். இவர் 1896-இல் இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் வைகோம் ஆபி என்ற விடுதிப் பள்ளியை நிறுவினார். அதற்கு முன்பே, 1885-இல், லாரன்ஸ் சகோதரிகள் பிரைட்டன் கடற்கரை நகரில் தொடங்கிய பள்ளி பின்னர் ரோடீன் என்ற பெயரில் வளர்ந்தது. மாணவியரை மிகையான படிப்பால் வருத்தமாட்டோம் என்றும், நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் வெளிப்புற உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்குவோம் என்றும் அச்சகோதரிகள் தம் பள்ளி அறிக்கையிலேயே பெற்றோர்க்கு உறுதி கூறினர். மாட்ஸ்லி போன்றோர் எழுப்பிய அச்சம் பெற்றோர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இவ்வுறுதிமொழியே சான்று. மகளைப் பள்ளிக்கு அனுப்பினால் அவள் நோயாளியாகத் திரும்புவாளோ என்று அஞ்சிய தாயார்க்கு, மைதானமே விடையாக வைக்கப்பட்டது.

எல்லாத் தலைமையாசிரியைகளும் ஒரே மனத்தினர் என்று எண்ண வேண்டா. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியை 1858 முதல் நடத்திய டொரோத்தியா பீல் அம்மையார் பெண்கல்வியின் பெருந்தூண்களுள் ஒருவர். ஆனால் போட்டி என்பதே அவருக்குப் பிடிக்காது. ஒருவரை ஒருவர் வெல்ல முனைவது நல்லொழுக்கத்துக்கு இடையூறு என்று கருதினார். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒருநாள் ஹாக்கி ஆட்டத்தைக் காண வந்தவர், அத்தனை சிறுமியரும் ஒரே பந்தைத் துரத்துவது கண்டு திடுக்கிட்டு, குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்களே, இன்னும் சில பந்துகள் வாங்கிக் கொடுங்கள் என்றாராம். கதை மெய்யோ, மாணவியர் கட்டியதோ. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும், ஒரு பந்துக்காகப் போராடுவதைக் கண்டிராத ஒரு தலைமுறையின் திகைப்பு அதில் இருக்கிறது. பீல் அம்மையாருக்குப் பின் 1907-இல் அப்பொறுப்பை ஏற்ற லிலியன் பெய்த்புல், மகளிர் ஹாக்கிச் சங்கத்துக்குத் தலைமை வகித்தவர். ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த இருவருக்கிடையே அத்தனை மாற்றம்.

விளையாட்டைக் கற்பிப்பதற்கு ஆசிரியர் வேண்டுமன்றோ? அக்குறையைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டு அம்மையாரான மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க். லிங் என்பவர் சுவீடனில் வகுத்த உடற்பயிற்சி முறையில் தேர்ந்த இவர், 1881-இல் லண்டன் பள்ளி வாரியத்தில் பணியேற்று, நகரத்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி தந்தார். 1885-இல் ஹாம்ப்ஸ்டெட்டில் மகளிர்க்கென உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கி, 1895-இல் அதனை டார்ட்போர்டு என்ற ஊருக்கு மாற்றினார். அங்கே பயின்ற பெண்கள் விடுதிப் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியைகளாகச் சென்றனர். பெண் தன் உடலால் உழைத்து, உடலைப் பற்றிய அறிவைக் கற்பித்து, மதிப்போடு ஊதியம் பெறும் புதிய தொழிலொன்று இவ்வாறு பிறந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில், இவ்வரலாற்றில் நான் மிகவும் போற்றுவது இப்பகுதியையே. ஒரு நல்ல தலைமையாசிரியை ஒரு பள்ளியை மாற்றலாம். ஒரு நல்ல பயிற்சிக் கல்லூரி நூறு பள்ளிகளை மாற்றும்.

அக்கல்லூரியோடு இரண்டு பொருள்கள் தொடர்புடையவை. ஒன்று உடை. தோளிலிருந்து தளர்வாகத் தொங்கி முழங்காலளவில் நிற்கும் கையில்லாத அங்கியை, மேரி டெய்ட் என்ற மாணவி 1890-களில் வடிவமைத்ததாகக் கூறுவர். இடுப்பை இறுக்கும் கச்சைக்கு அதில் இடமில்லை. நம் நாட்டுப் பள்ளிகளில் சிறுமியர் சட்டைமேல் அணியும் பினஃபோர் சீருடையை நினைத்துக்கொண்டால் அதன் தோற்றம் ஒருவாறு புலப்படும். மற்றொன்று வலைப்பந்து. 1891-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, ஆடுகளத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, பிறர் கைப்பந்தைப் பறித்தல் கூடாது என விதி செய்து, அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். இங்கிலாந்துக்கு வந்த அவ்வாட்டம் மேலும் உருமாறி, பந்தைத் தட்டி ஓடாமல் கையிலிருந்து கைக்கு வீசும் வலைப்பந்தாயிற்று. அதன் விதிகள் 1901-இல் அச்சாயின.

ஹாக்கியின் கதை வேறொரு பாடம் தருகிறது. 1895-இல் மகளிர் ஹாக்கிச் சங்கம் அமைத்தவர்கள், ஆடவர் நடத்திய ஹாக்கிச் சங்கத்தில் தம்மை இணைத்துக்கொள்ளுமாறு வேண்டினர். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அப்பெண்கள் சோர்ந்து வீடு திரும்பவில்லை. இனித் தம் சங்கத்தைப் பெண்களே நடத்துவது என்று முடிவு செய்தார்கள். பாவாடை தரையிலிருந்து சில அங்குலம் உயர இருக்க வேண்டும், தொப்பி ஊசி கூடாது என்பன போன்ற விதிகளைத் தாமே வகுத்தார்கள். கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும், கருத்து மாறுபட்டால் வாக்கெடுக்கவும் அவர்கள் எங்கே கற்றார்கள்? பள்ளியிலும் கல்லூரியிலும் அணித்தலைவியராகவும் செயலாளராகவும் இருந்து கற்றார்கள். பிரிட்டனில் முப்பது வயது நிரம்பிய பெண்களுள் ஒரு பகுதியினர்க்கு நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது 1918-இல்தான். தலைவியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே மைதானத்தில் வந்துவிட்டது.

மருத்துவர் எழுப்பிய கேள்விக்கும் விடை வந்தது. 1890-இல் எலனோர் சிட்ஜ்விக் அம்மையார் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவியரின் உடல்நலத்தைப் பற்றி விரிவான கணக்கெடுப்பொன்று வெளியிட்டார். கல்லூரி சென்ற பெண்களை, கல்லூரி செல்லாத அவர்களுடைய சகோதரியரோடும் உறவினப் பெண்களோடும் ஒப்பிட்டது அதன் சிறப்பு. குடும்பம் ஒன்று, உணவு ஒன்று. வேறுபாடு கல்வி மட்டுமே. கற்றவர் நலம் குன்றவில்லை என்பது தெளிவாயிற்று. அச்சத்தை வாதத்தால் மட்டும் நீக்காமல் கணக்கால் நீக்கிய நல்ல செயல் இது.

இனி, வரலாற்றாசிரியன் நினைவுகளை எவ்வாறு நம்புவது என்ற கேள்வி எழுகிறது. முதுமையில் திரும்பிப் பார்ப்பவர்க்கு இளமை முழுவதும் பொன்னாகத் தோன்றும். ஆட்டத்தை வெறுத்தவர்களும் இருந்திருப்பார்கள். பனிக் காற்றில் சேற்றில் நின்று நடுங்கி, மணி எப்போது அடிக்கும் என்று ஏங்கிய குழந்தைகளும் இருந்திருப்பார்கள். விருப்பமில்லாதவரையும் கட்டாயப்படுத்துவது அப்பள்ளிகளின் வழக்கம். மேலும் அப்பள்ளிகள் செல்வர்க்கு உரியவை. தொழிலாளர் வீட்டுச் சிறுமிக்கு அந்த மைதானத்தின் வாயிற்கதவு திறக்கவில்லை. அவள் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆலைக்கோ வீட்டு வேலைக்கோ சென்றாள். இன்னும் ஒன்று. டவ் அம்மையார் 1898-இல் வெளிவந்த ஒரு நூலில், தம் நாடு உலகின் பல பகுதிகளை ஆளும் உயர்வுக்கு வேண்டிய குணங்களை விளையாட்டே வளர்க்கிறது என்று எழுதினார். ஆளப்பட்ட நாட்டினராகிய நாம் இதைப் படிக்கும்போது அக்கருத்தோடு உடன்பட இயலாது. ஆனால் அவர் கொடுத்த காரணத்தை நீக்கிவிட்டாலும், சிறுமியர் ஓடிய ஓட்டம் நல்லதாகவே எஞ்சுகிறது.

நினைவை நம்புதற்கு வேறொரு வழியும் உண்டு. விளையாடியவர் சொல்வதோடு, விளையாட வாய்க்காதவர் சொல்வதையும் கேட்க வேண்டும். பெண்கள் பள்ளிக் கதைகளால் பெயர்பெற்ற ஆஞ்செலா பிரேசில் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி 1925-இல் எழுதினார். விளையாட்டு வேரூன்றாத காலத்துப் பள்ளியில் தாம் பயின்றதை அதில் ஒரு குறையாகவே காண்கிறார். ஆனால் அவர் எழுதிய கதைகளிலோ ஹாக்கியும் கிரிக்கெட்டும் நிறைந்திருக்கின்றன. தமக்குக் கிடைக்காத மைதானத்தைத் தம் கதைப் பெண்களுக்கு ஆக்கிக் கொடுத்தார் எனலாம். தாம் படித்த பள்ளியில் லக்ராஸ் அணித் தலைவியாக இருந்த எனிட் பிளைட்டன், 1940-களில் எழுதிய விடுதிப் பள்ளிக் கதைகளில் அவ்வாட்டத்தை விரிவாக வருணித்தார். அந்நூல்களைப் படித்த நம் நாட்டுச் சிறுமியர் பலர், லக்ராஸ் கோலைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் அவ்வாட்டத்தின் பரபரப்பை உணர்ந்தார்கள்.

மதிலுக்குள் கற்ற ஆட்டம் மதிலுக்குள்ளேயே நின்றுவிடவில்லை. 1901-இல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலப் பெண் அமெரிக்கா சென்று, மகளிர் கல்லூரிகளில் ஹாக்கியைப் பரப்பினார். செயின்ட் லெனார்ட்ஸ் மாணவியாக இருந்த ரோசபெல் சிங்க்ளேர், 1926-இல் பால்டிமோர் நகரத்துப் பிரின் மார் பள்ளியில் சிறுமியர் லக்ராஸ் அணியை அமைத்தார். கனடாவிலிருந்து ஸ்காட்லாந்து சென்ற ஆட்டம், ஒரு பழைய மாணவியின் நினைவு வழியாக மீண்டும் அட்லாண்டிக் கடலைக் கடந்தது. நினைவென்பது வீட்டு முற்றத்தில் அமர்ந்து அசைபோடுவதற்கு மட்டும் உரியதன்று. அது வேலை செய்யும் ஆற்றலும் உடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பழைய அச்சமும் எளிதில் மாய்ந்துவிடவில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் விழாவில் மகளிர்க்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். ஓடிய பெண்கள் களைத்து விழுந்தனர் என்று செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. பெண்ணுடல் இதனைத் தாங்காது என்ற பழைய பல்லவி மீண்டும் எழுந்தது. அவ்வோட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960-இல் ரோம் நகரில்தான் திரும்பி வந்தது. 1874-இல் மாட்ஸ்லி எழுதிய கட்டுரையின் நிழல் எண்பத்தாறு ஆண்டுகளுக்கு அப்பாலும் விழுந்ததைக் காண்கிறோம். மகளிர் ஹாக்கி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1980-இல் மாஸ்கோவில். அவ்விழாவில் நம் இந்திய மகளிர் அணி நான்காம் இடம் பெற்றது என்பதை நேயர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம்.

இவ்வாட்டங்களின் கிளைகள் தமிழர் வாழும் இடங்களையும் எட்டியுள்ளன. வலைப்பந்து பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கைப் பள்ளிகளில் வேரூன்றி, இன்றும் அந்நாட்டு மகளிர் பெரிதும் விரும்பி ஆடும் ஆட்டமாக விளங்குகிறது. 2018-இல் இலங்கை அணி ஆசிய வலைப்பந்துப் பட்டத்தை வென்றபோது, அவ்வணியில் வலைக்குள் பந்தெறியும் பொறுப்பை ஏற்று ஆடியவர்களுள் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணான தர்ஜினி சிவலிங்கம் புகழ் பெற்றார். சென்னையிலோ 1940-களில் மகளிரிடையே எறிபந்து பரவியது. நம் பெண்கள் பள்ளிகளில் அது இன்றும் ஆடப்படுகிறது. வலைக்கு இருபுறமும் நின்று பந்தைப் பிடித்து எறியும் அச்சிறுமியர்க்கு டார்ட்போர்டும் செயின்ட் லெனார்ட்ஸும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் தெரிந்திருப்பது நன்று.

ஏனெனில், அன்று மதில் வேண்டியிருந்தது, இன்று வேண்டாம். ஆனால் அம்மதிலுக்குள் கிடைத்த மற்ற மூன்றும் இன்றும் வேண்டும். உடன் ஆடத் தோழியர் வேண்டும். ஆடுவதற்கு இடம் வேண்டும். யாரும் பறித்துக்கொள்ளாத நேரம் வேண்டும். பல பள்ளிகளில் தேர்வு நெருங்கினால் முதலில் மறைவது விளையாட்டு வேளை. மைதானம் ஒன்றே இருந்தால் சிறுவர்க்கு நடுவிடமும் சிறுமியர்க்கு ஓரமும் கிடைப்பது வழக்கம். பருவம் எய்திய பின் பந்தைத் தொட வேண்டா என்று தடுக்கும் இல்லங்களும் உண்டு. தலைமையாசிரியர் ஒருவர் தம் பள்ளியின் கால அட்டவணையை எடுத்துப் பார்த்து, வாரத்தில் எத்தனை வேளை பெண்குழந்தைகள் உண்மையாகவே மைதானத்தில் இறங்கி ஓடுகிறார்கள் என்று எண்ணட்டும். அட்டவணையில் எழுதியிருப்பதை எண்ண வேண்டா. நடப்பதை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால், அடுத்த திங்கட்கிழமையே அதனை ஒன்றாவது கூட்டுவது அவர் கையில் இருக்கிறது.